திரும்பக் கூப்பிடலாமா?

வேலையை விட்டுப் போனவரை, அல்லது போகச் சொன்னவரை, அதே நாற்காலிக்குத் திரும்பக் கூப்பிடலாமா? ஆபீஸிலும் அரசியலிலும் எப்போதும் இருக்கிற கேள்விதான். ஆனால் அங்கெல்லாம் விடை தெரிவதற்குள் கேட்டவரும் கூப்பிடப்பட்டவரும் ரிட்டையராகி விடுவார்கள். விளையாட்டில் அப்படியில்லை. ஒரே சீஸனில் ஸ்கோர் போர்டு பல்லை இளித்துவிடும். அதனால் இந்தக் கேள்வியை அமெரிக்காவின் என்.பி.ஏ. பாஸ்கெட்பாலில் வைத்துப் பார்ப்பது சௌகரியம். பாஸ்கெட்பால் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். ஐந்து பேர், ஒரு பந்து, ஒரு வளையம். மிச்சமெல்லாம் மனித சுபாவம்.

2012 நவம்பர் 9. லாஸ் ஏஞ்சலீஸில் ஸ்டேப்பிள்ஸ் சென்டர் (2021-ல் பெயரை மாற்றிவிட்டார்கள்). லேக்கர்ஸ் அணி அன்றைக்குத்தான் தன் கோச் மைக் பிரவுனை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. ஒரு சீஸனுக்கு 82 ஆட்டம். ஆடி முடித்திருந்தது ஐந்தே ஐந்து, ஜெயித்தது ஒன்று. அன்று ராத்திரி லேக்கர்ஸ் சுகமாக ஜெயித்துக்கொண்டுதான் இருந்தது. கூட்டத்துக்கு அது போதவில்லை. 'எங்களுக்கு ஃபில் வேண்டும்' என்று கோஷம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஃபில் ஜாக்ஸனுக்கு அப்போது வயது 67. ஏற்கெனவே இரண்டு தடவை லேக்கர்ஸ் கோச்சாக இருந்து, இரண்டு தடவையும் விலகியவர். சிகாகோவில் மைக்கேல் ஜோர்டானை வைத்து ஆறு சாம்பியன்ஷிப், லாஸ் ஏஞ்சலீஸில் ஐந்து. ஆக மொத்தம் 11. வேறெந்த என்.பி.ஏ. கோச்சும் இதைத் தொட்டதில்லை. ஆட்டக்காரர்களைத் தியானத்தில் உட்காரவைப்பார். ஆளுக்கொரு புத்தகம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். அவருடைய ஆயுதம் 'ட்ரையாங்கிள்'. அவருடைய உதவியாளர் டெக்ஸ் வின்ட்டர் பல வருஷம் செதுக்கிய முறை. மூன்று பேர் முக்கோணமாக நின்றுகொண்டு, எதிராளி எந்தப் பக்கம் காலியாக விடுகிறானோ அந்தப் பக்கம் பந்தை அனுப்புவது. சொல்ல எளிது. பழக நாளாகும்.

அவர் முதல் தடவை போனது எப்படி என்பது முக்கியம். 2004-ல் லேக்கர்ஸில் இரண்டு ராஜாக்கள், ஷகீல் ஓ'நீலும் கோபி பிரையன்ட்டும். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். நடுவில் மாட்டிக்கொண்ட ஜாக்ஸன், கோபி இருந்தால் அடுத்த வருஷம் நான் இல்லை என்று மேனேஜரிடம் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார். ஃபைனலில் டெட்ராய்ட்டிடம் 4-1 என்று தோற்றதும் ஜூன் மாதத்தில் அவர் அவுட். அடுத்த மாதம் ஓ'நீலை மயாமிக்கு அனுப்பினார்கள். ஜாக்ஸன் சும்மா இருக்கவில்லை. அந்த சீஸனைப் பற்றி 'தி லாஸ்ட் சீஸன்' என்று ஒரு புத்தகம் எழுதி, அதில் கோபியைப் பயிற்சி கொடுக்கவே முடியாத ஆள் என்று போட்டு உடைத்தார்.

இதற்கப்புறம் யாராவது திரும்பக் கூப்பிடுவார்களா? கூப்பிட்டார்கள். அடுத்த சீஸனில் லேக்கர்ஸ் 34 வெற்றி, 48 தோல்வி என்று பிளே ஆஃப் பக்கமே போகாமல் நின்றுவிட்டது. 2005 ஜூனில் அணியின் சொந்தக்காரர் ஜெர்ரி பஸ், புத்தகத்தை மறந்துவிட்டு ஆளைக் கூப்பிட்டார்.

இதை மகா தைரியம் என்று பல பேர் எழுதினார்கள். எனக்கு இது கணக்காகத்தான் தெரிகிறது. அவர் போனதற்குக் காரணம் இரண்டு ராஜாக்கள் சண்டை. அதில் ஒரு ராஜா மயாமிக்குப் போய்விட்டார். காரணம் ஊரை விட்டுப் போனபிறகு ஆள் திரும்பி வருவதில் என்ன தப்பு?

இன்னொன்றையும் கவனியுங்கள். திரும்பி வந்ததும் கோப்பை வந்துவிடவில்லை. 2006-லும் 2007-லும் பீனிக்ஸிடம் முதல் ரவுண்டிலேயே அவுட். 2007-ல் கோபி என்னை வேறு டீமுக்கு அனுப்பு என்று பகிரங்கமாகவே கேட்டார். 2008 பிப்ரவரியில் ஸ்பெயின்காரர் பாவ் கஸோல் வந்து சேர்ந்த பிறகுதான் முக்கோணத்துக்கு மூன்றாவது முனை கிடைத்தது. அந்த வருஷம் ஃபைனலில் பாஸ்டனிடம் தோல்வி. 2009, 2010 இரண்டு வருஷமும் சாம்பியன். அதாவது கூப்பிட்டதற்குப் பலன் கிடைக்க நான்கு வருஷம் ஆயிற்று. ஸ்டேப்பிள்ஸ் சென்டரில் கத்திய கூட்டத்துக்குக் கோப்பைகள் ஞாபகம் இருந்தன, காத்திருந்தது ஞாபகம் இல்லை.

இப்போது எதிர் உதாரணம். அன்றைக்கு வேலை போன மைக் பிரவுனையே எடுத்துக்கொள்ளலாம். அவர் 2005 முதல் 2010 வரை கிளீவ்லண்டில் லெப்ரான் ஜேம்ஸுக்குக் கோச். ஒரு சீஸனில் 66 வெற்றி, அடுத்ததில் 61. ஆனால் கோப்பை இல்லை. 2010 மே மாதம் அனுப்பிவிட்டார்கள். சில வாரங்களில் லெப்ரானும் மயாமிக்குப் போய்விட்டார். 2013 ஏப்ரலில் அணியின் சொந்தக்காரர் டான் கில்பர்ட், அன்று உங்களை அனுப்பியது தப்பு என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டு பிரவுனைத் திரும்ப எடுத்தார். ஐந்து வருஷ ஒப்பந்தம். ஒரு சீஸன் ஆடினார்கள். 33 வெற்றி, 49 தோல்வி. 2014 மே மாதம் மறுபடி டிஸ்மிஸ். இரண்டு மாதம் கழித்து லெப்ரான் அதே கிளீவ்லண்டுக்குத் திரும்பி வந்தார், வேறொரு கோச்சின் கீழே. எழுதிவைத்த மாதிரி!

கில்பர்ட் நல்ல மனிதராக நடந்துகொண்டார். ஆனால் பிராயச்சித்தம் செய்யக் கோயில் இருக்கிறது, பாஸ்கெட்பால் எதற்கு? 66 ஆட்டம் ஜெயித்த பிரவுன் லெப்ரானை வைத்திருந்த பிரவுன். 2013-ல் இருந்தது இளசுகள் நிறைந்த வேறொரு டீம். பழைய வைத்தியரைக் கூப்பிட்டார்கள், நோய் மாறிவிட்டதைப் பார்க்கவில்லை.

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு 2012-க்கு வருவோம். நவம்பர் 10, சனிக்கிழமை, லேக்கர்ஸ் பெரியவர்கள் ஜாக்ஸன் வீட்டுக்கே போனார்கள். யோசித்துச் சொல்கிறேன், திங்கள்வரை டைம் கொடுங்கள் என்றார். ஞாயிறு நடுராத்திரி போன் அடித்தது. வேலையை மைக் டி'ஆன்டோனிக்குக் கொடுத்துவிட்டோம் என்று தகவல். எல்லா வெளியூர் ஆட்டங்களுக்கும் வரமாட்டேன் என்று ஜாக்ஸன் நிபந்தனை போட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அவர் மறுத்தார். அணியை அப்போது நடத்திக்கொண்டிருந்தவர் ஜெர்ரி பஸ்ஸின் மகன் ஜிம். மகள் ஜீனி, ஜாக்ஸனின் காதலி. குடும்ப விவகாரம் எங்கே முடிகிறது, விளையாட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்வது கஷ்டம்.

டி'ஆன்டோனி மட்டமான கோச் இல்லை. பீனிக்ஸில் இருந்துகொண்டு 2006-லும் 2007-லும் இதே ஜாக்ஸனை வீட்டுக்கு அனுப்பியவர். பிற்பாடு 2017-ல் ஹூஸ்டனில் அந்த வருஷத்தின் சிறந்த கோச் விருது வாங்கியவர். ஆனால் அவர் முறை ஓட்டம். பந்து கைக்கு வந்ததும் எதிராளி மூச்சு வாங்குவதற்குள் எறிந்துவிட வேண்டும். 2012 லேக்கர்ஸில் யார் ஓடுவது? கோபிக்கு வயது 34. ஸ்டீவ் நாஷுக்கு 38, அதிலும் இரண்டாவது ஆட்டத்திலேயே காலில் எலும்பு முறிவு. டுவைட் ஹோவர்டுக்கு அந்த ஏப்ரலில்தான் முதுகில் ஆபரேஷன். கஸோல் வளையத்துக்குப் பக்கத்தில் நின்று நிதானமாகப் பந்தைப் பிரித்துக் கொடுக்கிறவர். இரண்டு நெட்டையர்கள், ஒரு கிழ ராஜா. ஜாக்ஸனின் முக்கோணத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதைக் கொண்டுபோய் ஓட்டப்பந்தயக்காரரிடம் கொடுத்தார்கள்.

என்ன ஆச்சு? கஸோலைச் சில ஆட்டங்களில் பெஞ்ச்சில் உட்காரவைத்தார்கள். கோபி 2013 ஏப்ரலில் குதிகால் நரம்பு அறுந்து விழுந்தார். 45 வெற்றி, 37 தோல்வி. முதல் ரவுண்டில் சான் அன்டோனியோவிடம் 4-0. ஹோவர்ட் ஹூஸ்டனுக்குக் கிளம்பினார். அடுத்த சீஸன் 27 வெற்றி, 55 தோல்வி. 2014-ல் டி'ஆன்டோனி ராஜினாமா.

ஜாக்ஸன் வந்திருந்தால் கோப்பை வந்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். 2011-ல் அவருடைய கடைசி சீரிஸில் டாலஸ் 4-0 என்று துவைத்துப் போட்டதை மறந்துவிடக் கூடாது. 2014 முதல் 2017 வரை நியூயார்க் நிக்ஸுக்குத் தலைவராக இருந்து அதே முக்கோணத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். முழுசாக மூன்று சீஸனில் 80 வெற்றி, 166 தோல்வி. அதற்குள் ஆட்டமே மாறி, எல்லோரும் தூரத்திலிருந்து மூன்று பாயின்ட் எறிய ஆரம்பித்துவிட்டார்கள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி.

இருந்தாலும் என் தீர்ப்பு இதுதான். 2012-ல் அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும், இரண்டே வருஷத்துக்கு, அடுத்த கோச்சின் பெயரையும் அப்போதே முடிவுசெய்துகொண்டு. ஏனென்றால் கேட்க வேண்டிய கேள்வி ஆள் பெரியவரா என்பதில்லை. அன்று ஏன் போனார், அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா, இப்போது கையில் இருக்கிற பையன்களுக்கு அவர் வித்தை பொருந்துமா? இவ்வளவுதான். 2005-ல் இதற்கெல்லாம் நல்ல பதில் இருந்தது. 2013 கிளீவ்லண்டில் ஒன்றுக்குக்கூட இல்லை. 2012-ல், அவர் களைத்துப் போய் விலகியவர் என்பது ஒன்றைத் தவிர, மற்றதெல்லாம் சாதகம். அதற்குத்தான் இரண்டு வருஷக் கெடு.

கூட்டத்தின் கோஷத்தைக் கேட்டு முடிவெடுக்கக் கூடாது, வாஸ்தவம். அதற்காகக் கோஷம் போட்டார்கள் என்பதாலேயே எதிர்ப்பக்கம் ஓடுவதும் கோஷத்துக்கு அடிபணிவதுதான்.

மைக் பிரவுன்? 2023-ல் சாக்ரமென்டோ கோச்சாகச் சிறந்த கோச் விருது வாங்கினார், ஒருமனதாக. 2024 டிசம்பரில் அவர்களும் அனுப்பிவிட்டார்கள். 2025 ஜூலையில் நியூயார்க் நிக்ஸ் எடுத்துக்கொண்டது. கிளீவ்லண்டிலிருந்து மூன்றாவது தடவை போன் வந்தால் அவர் எடுக்காமல் இருப்பது நல்லது.