நாகப்பட்டினம் சூடாமணி விகாரையும் இடிக்கப்பட்ட கோபுரமும்: ஒரு மறுமதிப்பீடு

முனைவர் பட்ட ஆய்வாளர், கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலை மாவட்டம்

முன்னுரை

அழிந்த துறவியர் மடம் ஒன்றன் கட்டடக்கலையை அறிய அதன் தரையமைப்பே முதன்மைச் சான்றாகும். இங்கிலாந்தில் அகஸ்டீனியத் துறவியர் வாழ்ந்த போல்டன் மடம் 16ஆம் நூற்றாண்டில் கலைக்கப்பட்டது. அதன் தேவாலயத்தின் கீழைப்பகுதி கூரையின்றி இடிந்து நிற்க, மேலைப்பகுதி இன்றும் வழிபாட்டில் உள்ளது. எஞ்சிய சுவர்களே அம்மடத்தின் அமைப்பை உணர்த்துகின்றன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு இவ்வாய்ப்பு இல்லை. 1867இல் இடிக்கப்பட்ட கோபுரத்தையே அவ்விகாரை எனக் கொள்ளும் வழக்கு ஏற்புடையதா என இக்கட்டுரை ஆராய்கிறது.

செப்பேடும் வரைபடமும்

ஸ்ரீவிசய மன்னன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் எடுப்பித்த இவ்விகாரைக்கு, முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில் (1006) ஆனைமங்கலம் பள்ளிச்சந்தமாக அளிக்கப்பட்டதை லெய்டன் பெரிய செப்பேடு கூறுகிறது. ஊரின் எல்லைகளை விரித்துரைக்கும் அச்செப்பேடு, கட்டடத்தைப் பற்றிக் கூறுவது மேருவையும் விஞ்சும் உயரம் என்னும் புகழ்ச்சியே. அதனைக் கொண்டு நிலைகளையோ கட்டுமானப் பொருளையோ அறிய இயலாது.

சர் வால்டர் எலியட் 1846இல் கண்டு, 1878இல் வெளியிட்ட விவரிப்பு வேறு தன்மையது. சாந்தின்றி நெருக்கி அடுக்கிய செங்கற்களாலான, நாற்புறமுடைய மூன்று நிலைக் கோபுரம் அதில் காட்டப்படுகிறது. துறவியர் அறைகளோ, உணவுக்கூடமோ, முற்றமோ அதில் இல்லை.

காலச் சிக்கல்

1349ஆம் ஆண்டைச் சார்ந்த வாங் தாயுவானின் சீன நூல், 1267ஆம் ஆண்டுச் சீன எழுத்துப் பொறிப்புடைய செங்கற் கோபுரம் ஒன்றைக் குறிப்பிடுகிறது. எலியட் கண்டது அதுவே எனக் கொண்டால், செப்பேட்டிற்கும் கோபுரத்திற்கும் இடையே 261 ஆண்டுகள் உள்ளன. அது அன்று எனக் கொண்டாலும், கோபுரத்தை 1006க்கு உரியதாக்கும் நேரடிச் சான்று செப்பேட்டில் இல்லை. 1856 முதல் கிடைத்த ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் 16ஆம் நூற்றாண்டு வரை பௌத்தம் அங்கு நிலவியதைக் காட்டுகின்றன. அவை கட்டடத்தின் காலத்தை நிறுவுவன அல்ல.

முடிவுரை

செப்பேடு, வரைபடம், படிமங்கள் ஆகிய மூன்றும் வெவ்வேறு காலத்தன. அவற்றை ஒரே கட்டடத்தின் சான்றுகளாக இணைப்பது ஊகமே. கோபுரம் விகாரை வளாகத்தின் ஓர் உறுப்பாகவோ, பிற்காலத் தனிக் கட்டடமாகவோ இருந்திருக்கலாம். பாடநூல்களில் எலியட்டின் படத்திற்குக் கீழே ‘சூடாமணி விகாரை’ என எழுதுவது, விகாரையின் பிற பகுதிகளைத் தேடும் தேவையையே மறைத்துவிடுகிறது. ‘நாகப்பட்டினத்துச் செங்கற் கோபுரம்’ எனக் குறிப்பதே சான்றுக்குப் பொருந்தும்.