பழைய எண், புதிய எண்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கும் குடலை இட்லியைப் பற்றி நம் பத்திரிகைகள் சளைக்காமல் எழுதியிருக்கின்றன. மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலை, பச்சரிசியும் உளுந்தும் கரகரப்பாக அரைத்த மாவு, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய், மணிக்கணக்கில் ஆவி என்று ஒன்று விடாமல் வந்தாயிற்று. முதல்நாள் இரவு அந்த மாவுக்குள் வேலை பார்த்தவர்களைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

அவர்கள் யார் என்று முகர்ஜி, ஸ்டெயின்க்ராஸ் முதலானோர் தேடிப் பார்த்து 1965-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். இட்லி மாவைப் பொங்க வைப்பது பெரும்பாலும் லூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா என்றது அந்தக் கட்டுரை. அதை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து போடுவதில்லை. தானியத்தோடு வீட்டுக்குள் வருவதுதான். ஈஸ்ட்டும் மாவில் உண்டு, பல ஆய்வுகளில் அகப்பட்டிருக்கிறது. ஆனால் இட்லிச் சட்டியில் முதல் மரியாதை அதற்கு இல்லை.

பேக்கரியிலும் கள்ளுப் பானையிலும் கதை வேறு. அங்கே முதல் தீர்த்தம் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஈஸ்ட்டுக்குத்தான். ஒற்றைச் செல், உற்றுப் பார்த்தாலும் கண்ணுக்குப் படாது. அதன் மரபணுக்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் ஒதுக்கி, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பதிவேடு எழுதப்பட்டு வருகிறது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் பாட்ஸ்டைன், மைக் செர்ரி முதலானோர் 1990-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த 'சாக்கரோமைசிஸ் ஜீனோம் டேட்டாபேஸ்' அது. ஆராய்ச்சிக்காரர்கள் எஸ்ஜிடி என்பார்கள். வேலைக்காகத் திறந்து பார்ப்பவர்கள் தேடியதை எடுத்துக்கொண்டு மூடிவிடுவார்கள். வேலை இல்லாமல் படிக்க உட்கார்ந்தால்தான் அதன் நுணுக்கம் பிடிபடுகிறது.

முதலில் விலாசம். ஒவ்வொரு மரபணுவுக்கும் இங்கே ஒரு முறையான குறியீடு உண்டு. எடுத்துக்காட்டாக, ஒய்-ஏ-எல்-001-சி. ஒய் என்றால் ஈஸ்ட். ஏ என்றால் முதல் குரோமோசோம். ஈஸ்ட்டுக்குக் குரோமோசோம்கள் பதினாறு, ஆகவே ஆங்கிலத்தின் முதல் பதினாறு எழுத்துகள் அவற்றுக்குப் போய்விட்டன. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் சென்ட்ரோமியர் என்ற இடுப்பு உண்டு. எல் என்றால் அந்த இடுப்புக்கு இடப்புறம். 001 என்பது இடுப்பிலிருந்து வெளியே எண்ணிக்கொண்டு போனால் முதலாவது. கடைசியில் நிற்கும் சி-தான் எனக்குப் பிடித்தது. டிஎன்ஏ இரட்டை இழை. ஈஸ்ட்காரர்கள் ஓர் இழைக்கு வாட்சன் என்றும் மற்றதற்குக் கிரிக் என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். 1953-இல் அந்த இரட்டைச் சுருளைச் சொன்ன இருவரும் இன்று ஆயிரக்கணக்கான மரபணுக்களின் வாலில் டபிள்யூ என்றும் சி என்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். சிலை வைப்பதைவிட இது நல்ல மரியாதை என்பேன். தினமும் யாராவது அழைக்கிறார்கள்.

சரி, எண்ணி முடித்த பிறகு 37-க்கும் 38-க்கும் நடுவே ஒரு குட்டி மரபணு தட்டுப்பட்டால்? சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்களில் நடந்தவர்களுக்கு விடை தெரியும். அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் 12-ஆம் எண் வீட்டுக்குப் பக்கத்தில் 12-ஏ முளைக்கும். மாநகராட்சி மறுபடி எண் போட்டால் 'பழைய எண், புதிய எண்' என்று இரண்டும் ஒரே பலகையில் நிற்கும். தபால்காரர் திண்டாடக் கூடாது என்பதற்காக. எஸ்ஜிடி-யும் இதைத்தான் செய்கிறது. ஒய்-ஏ-எல்-037-சி-ஏ என்று ஒரு மரபணு உண்மையாகவே இருக்கிறது. அதற்கடுத்து 037-சி-பி-யும் உண்டு. இரண்டு மரபணு என்று நினைத்தது ஒன்றே என்று பிறகு தெரியவந்தால், போன எண்ணை வேறொன்றுக்குத் தூக்கிக் கொடுப்பதில்லை. பழைய எண்ணைத் தேடி வருபவர், அது எதோடு சேர்ந்தது என்று தெரிந்துகொண்டு போகலாம்.

விலாசத்துக்கு மேலே செல்லப் பெயர். மூன்று எழுத்தும் ஓர் எண்ணும். யார் முதலில் அச்சில் ஏற்றினாரோ அவர் வைத்த பெயர் பொதுவாக நிலைக்கும். இதனால் விளையும் வேடிக்கைகள் சுவையானவை. சி-டி-சி-19 என்ற மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். சி-டி-சி என்றால் செல் பிரியும் சுழற்சி. லீ ஹார்ட்வெல், பழுதான ஈஸ்ட்களைத் தேடித் தேடி அந்த வரிசையைத் தொகுத்தார். 2001-இல் நோபல் பரிசும் பெற்றார். அந்த வரிசையில் 19-ஆவதாக வந்தது, பார்த்தால், சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கும் வேலையில் ஒரு படியைச் செய்கிற பைருவேட் கைனேஸ் என்ற நொதிக்கான மரபணு. பிழைப்புக்கு ஆற்றல் இல்லாத செல் பிரியாமல் நின்றுபோயிருக்கிறது, அவ்வளவுதான். பி-ஒய்-கே-1 என்ற பொருத்தமான பெயரும் அதற்கு உண்டு. ஆனால் பக்கத்தின் தலைப்பில் இன்னும் சி-டி-சி-19 நிற்கிறது. பி-ஒய்-கே-1 கீழே, மறுபெயர் வரிசையில். கண்டுபிடிப்பின் தடம் பெயரிலேயே கிடக்கிறது. இதைத் திருத்தி ஒழுங்குபடுத்தியிருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

திருத்த வேண்டிய இடத்தில் திருத்தியும் இருக்கிறார்கள். செல் தன்னுடைய பழைய பாகங்களையே தின்று செரிக்கும் ஆட்டோஃபேஜி என்ற செயலுக்கான மரபணுக்களைப் பல ஆய்வகங்கள் தனித்தனியே கண்டுபிடித்து, ஆளுக்கொரு பெயர் வைத்தன. ஏ-பி-ஜி-8, ஏ-யு-டி-7, சி-வி-டி-5 மூன்றும் ஒரே மரபணு. 2003-இல் எல்லோரும் கூடிப் பேசி ஏ-டி-ஜி என்ற பொதுப்பெயருக்கு ஒப்புக்கொண்டார்கள். அது ஏ-டி-ஜி-8 ஆயிற்று. இத்துறையைத் திறந்துவைத்த யோஷினோரி ஓசுமி 2016-இல் நோபல் பரிசு பெற்றார். பழைய மூன்று பெயர்களில் எதை இட்டுத் தேடினாலும் அதே பக்கம்தான் வரும்.

எழுத்தின் அளவிலும் ஓர் இலக்கணம் உண்டு. ஏ-டி-இ-2 என்று பெரிய எழுத்தில் எழுதினால் நல்ல நிலையில் இருக்கும் மரபணு. அதையே சிறிய எழுத்தில் எழுதினால் பழுதுபட்டது. ஒரு வாக்கியமும் இல்லாமல், எழுத்தின் அளவு மாறியதிலேயே செய்தி முடிந்துவிடுகிறது. ஏ-டி-இ-2 பழுதானால் அடினைன் தயாரிக்கும் வேலை பாதியில் நின்று, இடைப்பொருள் தேங்கி, காற்றுப் பட்டுச் சிவப்பு நிறமியாகிறது. வெண்ணெய் நிறத்தில் இருக்க வேண்டிய ஈஸ்ட் கூட்டம் தட்டில் சிவந்து நிற்கும். மரபியல்காரர்களுக்கு இது பெரிய வசதி: எந்தச் சோதனையும் செய்யாமல், வெறும் கண்ணால், இதில் மரபணு இருக்கிறது, இதில் இல்லை என்று சொல்லிவிடலாம்.

இனி இந்த ஈஸ்ட்டின் மரபணுத் தொகுதியின் பூர்வீகம். 1996-இல் ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பானைச் சேர்ந்த அறுநூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் சேர்ந்து ஈஸ்ட்டின் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் டிஎன்ஏ எழுத்துகளைப் படித்து முடித்தார்கள். செல்லுக்குள் கரு உள்ள உயிர்களில் முழுதாகப் படிக்கப்பட்டது அதுவே முதல். படிக்கப்பட்ட வகைக்கு எஸ்-288-சி என்று பெயர். அதன் மூதாதை 1938-இல் எமில் ம்ராக் என்பவர் கலிஃபோர்னியாவின் மெர்செட் என்ற ஊரில் அழுகிய அத்திப்பழத்திலிருந்து எடுத்த ஈஸ்ட். எஸ்-288-சி-யின் மரபணுக்களில் ஏறக்குறைய 88 சதவீதம் அந்த அத்திப்பழ ஈஸ்ட்டிலிருந்து வந்தவை என்று ராபர்ட் மார்ட்டிமரும் ஜான்ஸ்டனும் 1986-இல் வம்சாவளி போட்டுக் காட்டினார்கள்.

காஞ்சிக்காரர் யாரும் இந்த இடத்தில் ஒரு கணம் நிற்காமல் போக முடியாது. அத்தி மரத்தில் வடித்த பெருமாளை அனந்தசரஸ் குளத்துக்குள் வைத்து, நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுத்து 48 நாள் சேவிக்கும் ஊர் இது. 1979-இல் எடுத்தார்கள், 2019-இல் எடுத்தார்கள், அடுத்தது 2059. மெர்செட்டின் பழம் சீமை அத்தி, நம்முடையது நாட்டு அத்தி; இரண்டுக்கும் முடிச்சுப் போட ஒன்றும் இல்லை என்பதும் தெரியும். தெரிந்தும் ரசிக்கலாம்.

மார்ட்டிமர் எஸ்-288-சி-யைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஆய்வக வசதி. ஈஸ்ட்கள் இயல்பாகக் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும், எண்ணுவதற்குத் தொல்லை. எஸ்-288-சி ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். ஏன் என்பது பிறகு தெரிந்தது: எஃப்-எல்-ஓ-8 என்ற மரபணு அதில் பழுது. ஆக, உலகம் முழுவதும் ஈஸ்ட்டின் இலக்கணமாக எடுத்துக்கொள்ளும் பிரதியிலேயே ஓர் ஊனம் உண்டு. எஸ்ஜிடி இதை மறைக்கவில்லை. அந்த மரபணுவின் பக்கத்திலேயே, இந்த வகையில் இது வேலை செய்யாது என்று எழுதிவைத்திருக்கிறது.

இந்த நேர்மைதான் எனக்கு இந்தப் பதிவேட்டின் உச்சம். ஈஸ்ட்டில் புரதமாக மொழிபெயர்க்கத்தக்க இடங்கள் ஏறத்தாழ 6,600. ஒவ்வொன்றுக்கும் மூன்று அடைமொழிகளில் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும்: உறுதியானது, வேலை தெரியாதது, சந்தேகத்துக்குரியது. சந்தேகத்துக்குரியவை சில நூறு உண்டு. மரபணு மாதிரித் தோன்றுகிறது, அனேகமாக இல்லை என்று பொருள். நம் பல்கலைக்கழகப் பாடநூல்களில் 'அனேகமாக இல்லை' என்ற சொல்லை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

இன்னும் நுணுக்கம் இருக்கிறது. ஒரு மரபணு என்ன செய்கிறது என்று எழுதும்போது, அது எப்படித் தெரிந்தது என்பதற்கும் குறி உண்டு. நேரடிச் சோதனையில் கண்டதற்கு ஒரு குறி, பழுதாக்கிப் பார்த்துக் கண்டதற்கு ஒன்று, வேறொரு மரபணுவின் சாயலை வைத்து ஊகித்ததற்கு இன்னொன்று. இவற்றில் ஈடிணையில்லாத ஒரு குறி, என்-டி. தரவு இல்லை என்று அதற்குப் பொருள். தொகுப்பாளர் ஒருவர் இந்த மரபணுவைப் பற்றி வந்த கட்டுரைகளைத் தேடிப் பார்த்தார், இன்ன தேதி வரை எதுவும் கிடைக்கவில்லை என்பதைக் கையெழுத்துப் போடாத குறையாகப் பதிந்துவைப்பது அது. வெறுமனே காலியாக விட்டிருந்தால் யாரும் பார்க்கவில்லையோ என்ற ஐயம் நிற்கும். பார்த்தோம், இல்லை என்று தேதியோடு சொல்லும்போது, அடுத்து வருபவர் அந்தத் தேதிக்குப் பிறகு தேடினால் போதும்.

பக்கத்தின் நெற்றியில் ஒரு சின்னப் பத்தி இருக்கும். புரதம் என்ன, எங்கே இருக்கிறது, இல்லாவிட்டால் என்ன ஆகும், மனிதரில் இதன் உறவு எது என்று நாலைந்து துண்டு வாக்கியங்கள். வினைமுற்று கூட அரிது. சில பக்கங்களில் பத்தியின் கடைசியில் இந்த மரபணுவுக்கு ஓர் இணை உண்டு, முழுத் தொகுதியும் இரட்டித்தபோது உண்டானது என்று ஒரே அச்சில் வார்த்த வாக்கியம் வரும். ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஈஸ்ட்டின் முன்னோர் ஒருவரின் மரபணுத் தொகுதி மொத்தமாக இரண்டு பங்கானது. பெரும்பாலானவை பிறகு தொலைந்துபோயின. ஐந்நூறுக்கும் மேற்பட்ட இணைகள் தங்கிவிட்டன. நாம் பார்த்த சி-டி-சி-19-க்கும் பி-ஒய்-கே-2 என்ற இணை உண்டு. அவ்வளவு பெரிய நிகழ்ச்சியை எந்த ஆரவாரமும் இல்லாமல் பத்தியின் வாலில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார்கள்.

புதுச் செய்திகளும் இதே அடக்கத்தோடுதான் வரும். 1996-இல் வந்த வரிசை பல ஆய்வகங்கள் துண்டு துண்டாகப் படித்து ஒட்டியது; பிழைகள் இருந்தன. ஒரே கூட்டத்திலிருந்து எடுத்துப் புதிதாகப் படித்துச் சரிபார்த்து 2011-இல் 64-ஆம் பதிப்பை வெளியிட்டார்கள். 2014-இலும் 2021-இலும் வந்த திருத்தங்கள் 64-க்குள்ளேயே உட்பதிப்புகளாக அடங்கின. எழுத்துகளைத் தொடவில்லை, எழுத்துகளைப் பற்றிய குறிப்புகளைத்தான் மாற்றினார்கள். மூலம் ஒன்று, உரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. உரையாசிரியர்களைக் கொண்டாடும் நமக்கு இது புரியாத ஏற்பாடு இல்லை.

மனிதருக்கு இதனால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லி விட்டுவிடுகிறேன். 2015-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மார்க்காட் குழுவினர், ஈஸ்ட் உயிரோடிருக்க இன்றியமையாத 414 மரபணுக்களை எடுத்து, அவற்றின் இடத்தில் மனித மரபணுவைப் பொருத்திப் பார்த்தார்கள். ஏறத்தாழ பாதிக்கு ஈஸ்ட் பிழைத்துக்கொண்டது.

எஸ்ஜிடி-யைப் படிக்கக் கட்டணம் இல்லை; யாரும் திறக்கலாம். குறை ஒன்றுதான், எல்லாம் ஆங்கிலம். ஆறாயிரம் பக்கத்தையும் தமிழாக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் படிக்கும்படி இருபது மரபணுக்களின் நெற்றிப் பத்தியையாவது, ஆதாரக் குறியும் தேதியும் விடாமல், நம் உயிரியல் ஆசிரியர்கள் தமிழில் எழுதித் தர வேண்டும். கண்ணுக்கு முன்னே சிவந்து காட்டும் ஏ-டி-இ-2-இல் தொடங்கலாம்.