கடைசி அடி யாருக்கு?

திருப்பரங்குன்றம் சன்னதி தெருப் பக்கம் ஒரு மாடி அறை. ஞாயிறு மாலையானால் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். ஒருவன் விளையாட, மற்றவர்கள் டிவியைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு நகர்வுக்கும் தீர்ப்புச் சொல்வார்கள். போன வாரம் எந்த மேப், எத்தனை டர்ன், யார் யார் பிழைத்தார்கள் என்பதெல்லாம் உங்கள் கைபேசிக்கு அன்றிரவே வந்திருக்கும். அதற்குள் நான் போகவில்லை. அந்த அறையில் விளையாடும் ஒரு பையனைப் பற்றியும், அவன் ஒவ்வொரு மேப்பிலும் திரும்பத் திரும்ப எடுக்கும் ஒரு முடிவைப் பற்றியும்தான் இந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

விளையாட்டு, ஃபயர் எம்ப்ளம். 1990-இல் ஃபேமிகாமில் தொடங்கிய வரிசையில், 2003-இல் முதன்முதலாக ஜப்பானுக்கு வெளியே வந்த கேம்பாய் அட்வான்ஸ் ஆட்டம். பையன் ஆடுவது ஹெக்டர் ஹார்ட் மோட். அதன் கடினத்தை இந்தப் பத்தியின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செத்த வீரன் செத்தவன்தான், திரும்பி வரமாட்டான் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு பையன் பழைய குதிரை வீரர் மார்க்கஸைப் பாலத்து முகப்பில் நிறுத்தினான். பக்கத்திலிருந்த வீரனை நகர்த்தி, டிரேட் போட்டு, மார்க்கஸ் கையில் இருந்த ஆயுதம் அத்தனையையும் வாங்கிவிட்டான். எதிரி டர்ன் வந்தது. மூன்று பேர் வந்து மார்க்கஸை அடித்தார்கள். அவர் திருப்பி அடிக்கவே இல்லை. அறையில் கூச்சல்.

"என்ன மாப்ள இது, கிழவன் கையக் கட்டிப் போட்டுட்ட?"

"பயந்து ஆடுறான்ணே. எக்ஸ்பி போயிருமாம்."

பையன் பதில் சொல்லவில்லை. அவனுக்காக நான் சொல்கிறேன். அந்த அறையில் யாருமே அந்த நகர்வைச் சரியாகப் படிக்கவில்லை.

அதற்கு முந்தைய டர்னைப் பார்த்திருக்க வேண்டும். அப்போது மார்க்கஸ் கையில் இரும்புக் கத்தி இருந்தது. அவரிடம் உள்ளதிலேயே சாதுவான ஆயுதம். அதை வைத்துத்தான் அந்த மூன்று பேரையும் உயிர் ஊசலாடும் அளவுக்கு வெட்டி வைத்தார். அடுத்த சுற்றில் அவர்கள் மறுபடி வந்து மோதினால், திருப்பி அடிக்கும் அடியிலேயே மூன்று பேரும் விழுந்துவிடுவார்கள். விழக்கூடாது என்றுதான் கத்தியைப் பிடுங்கினான். அவர்கள் உயிரோடு, ஓரடி தூரத்தில், பையனின் அடுத்த டர்னுக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தார்கள். பின்னாலிருந்து வந்த மூன்று சின்னவர்கள் ஆளுக்கொரு கில் எடுத்தார்கள். இதில் பயம் எங்கே இருக்கிறது? அந்த மேப்பிலேயே அதிக அடி வாங்கியவர் மார்க்கஸ். பையன் அதிகம் நம்பியதும் அவரைத்தான்.

இந்த ஆட்டத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. முதல் கட்சி, மார்க்கஸைப் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லும். கிழவன் சின்னவர்களின் எக்ஸ்பியைத் தின்றுவிடுவான் என்பது அவர்கள் வேதம். இரண்டாவது கட்சி, அவரிடமே வெள்ளி ஈட்டியைக் கொடுத்து எல்லாரையும் குத்தச் சொல்லும். முதல் கட்சி ஆடினால் பாதி வழியில் ஒரு பிள்ளையாவது சாகும். இரண்டாம் கட்சி ஆடினால் பாதி ஆட்டம் வரை சுகமாகப் போகும். அப்புறம் எதிரிகள் வளர்ந்திருப்பார்கள், கூட இருப்பவர்கள் வளர்ந்திருக்க மாட்டார்கள். பையன் இரண்டு கட்சியிலும் இல்லை. நானும் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். எக்ஸ்பி என்பது சண்டையில் சேரும் அனுபவப் புள்ளி; 100 சேர்ந்தால் ஒரு லெவல். தன் லெவலுக்குச் சமமான எதிரியை அடித்து, அவன் சாகாவிட்டால் ஏறக்குறைய 10. கொன்றால் ஏறக்குறைய 30. தன்னைவிடப் பெரிய ஆளைக் கொன்றால் இன்னும் கூடும். சின்ன ஆளைக் கொன்றால் குறையும். மார்க்கஸ் ஏற்கெனவே ப்ரோமோஷன் ஆனவர். அவர் பெயருக்குப் பக்கத்தில் லெவல் 1 என்று போட்டிருந்தாலும், கணக்குப் போடும்போது ஆட்டம் அவரை இருபது லெவல் மேலே வைத்துத்தான் பார்க்கிறது. ஆரம்ப மேப்புகளில் அவர் ஒருவனைக் கொன்றால் கிடைப்பது 10-ஐத் தொடுவதே அபூர்வம். அதே எதிரியைச் சின்னவள் கொன்றால் 30, சில சமயம் அதற்கும் மேல். ஆக, கிழவன் எக்ஸ்பியைத் தின்பதில்லை, கீழே சிந்துகிறார். சிந்தாமல் பிடிக்க வேண்டியது கடைசி அடியை மட்டும்தான். முதல் அடி, நடு அடி எல்லாம் அவரே அடிக்கலாம், அவரே வாங்கலாம். பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்கிறவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தைக் கோட்டை விடுகிறார்கள்.

இந்தக் கணக்குக்குள் இன்னொரு சங்கதியும் உண்டு. லெவல் ஏற ஏற, அதே எதிரியிடமிருந்து வரும் எக்ஸ்பி சுருங்கும். அதனால் பின்தங்கியவன் சீக்கிரம் எட்டிப் பிடிப்பான். முந்தியவன் மேல் கொட்டுவது வீண். ஆனாலும் பையன் எல்லாருக்கும் சமமாகப் பரிமாறவில்லை. ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தான். அவர்களுக்குள் மட்டும் சுற்றுகிறது பந்தி. அறையில் இதற்கும் கோபம். "பாவம்ணே, மத்தவங்கெல்லாம் வேகாத சோறு" என்றார் ஒருவர். அப்படியே இருக்கட்டும். ஒரு லெவலில் பலம் கூடுமா கூடாதா என்பது ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு சதவீதம். ஐம்பது சதவீதக்காரனுக்குப் பத்து லெவல் கொடுத்தால் பலம் சுமார் 5 கூடும் என்று எதிர்பார்க்கலாம். பத்துப் பேருக்கு ஆளுக்கொரு லெவல் கொடுத்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. எதிரியின் கவசத்தைத் தாண்டும் அடி ஒருவரிடமும் இருக்காது.

இனி எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பையனின் ஐந்து பேரில் ஒருத்தி ஃப்ளோரினா. பறக்கும் குதிரைக்காரி. கதையில் சேரும்போது லெவல் 3. ஒரு வில்லாளி பார்த்தால் முடிந்தது கதை. ஹார்ட் மோடில் அவளை வளர்க்கப் பலர் துணிவதில்லை. பையன் என்ன செய்தான் தெரியுமா? மார்க்கஸ் அவளைத் தூக்கிக்கொள்வார். ரெஸ்க்யூ. எதிரி டர்ன் முழுக்க அவள் அவர் குதிரைமேல் பத்திரமாக இருப்பாள். யாரும் அவளைத் தொட முடியாது. அடுத்த டர்னில் முன்னால் போய், அரை உயிரில் நிற்கும் எதிரிக்குப் பக்கத்தில் இறக்கிவிடுவார். அதற்கடுத்த டர்னில் அவள் குத்துவாள். இடையில் வரும் அடியை வாங்க மார்க்கஸ் குறுக்கே நிற்பார். குத்தி முடித்ததும் மறுபடி தூக்கல். தூக்கிக்கொண்டிருக்கும்போது மார்க்கஸின் வேகமும் திறனும் பாதியாகக் குறையும். அந்த விலையை அவர் கொடுக்கிறார். பங்குனித் தேர் மலையைச் சுற்றி வரும் நாளில், நெரிசலுக்குள் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிற்கும் அப்பாக்களை எங்கள் ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். இடி தோளுக்குக் கீழே, தேர் தோளுக்கு மேலே. அந்த நகர்வை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு அதுதான் தோன்றுகிறது.

"டர்ன் வீணாகுதே" என்பார்கள். வீணாகவில்லை. மார்க்கஸ் எப்படியும் முன்னால் போகத்தான் போகிறார்; போகும்போது ஒருத்தியையும் சேர்த்துக் கொண்டுபோகிறார்.

உண்மையில் டர்னை வீணாக்குகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் பாஸுக்கு ஒவ்வொரு டர்னும் கொஞ்சம் உயிர் ஏறும். அதைப் பயன்படுத்தி, பலமில்லாத வீரனை எதிரே நிறுத்தி, அடி, ஏறட்டும், அடி, ஏறட்டும் என்று அறுபது டர்ன் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அரங்கத்தில் பணம் கட்டிக் கட்டிச் சண்டை போடுகிறவர்களும் உண்டு. லெவல் ஏறும், மறுக்கவில்லை. ஆனால் அது விளையாட்டே இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. இந்த 2003 ஆட்டத்திலேயே கடைசியில் தரவரிசை போடும்போது, எத்தனை டர்னில் முடித்தாய் என்பதற்கு ஒரு மதிப்பெண், எவ்வளவு எக்ஸ்பி சேர்த்தாய் என்பதற்குத் தனியாக ஒரு மதிப்பெண். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். இரண்டையும் ஒன்றாக இழுத்துப் பிடிப்பவன்தான் ஆட்டக்காரன். 2005-இல் இதே வரிசையில் வந்த பாத் ஆஃப் ரேடியன்ஸில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: மேப்பை விரைவாக முடித்தால் போனஸ் எக்ஸ்பி, அதை நீயே விரும்பியவனுக்குப் பிரித்துக் கொடு. காலமும் எக்ஸ்பிதான் என்று விதியாகவே எழுதிவிட்டார்கள்.

இதைப் புரிந்துகொள்ளாமல் ஃபைனல் ஃபான்டசி டாக்டிக்ஸுக்குள் போகிறவர்கள் பாடுதான் பாவம். 1997 ஆட்டம், 2025 செப்டம்பரில் புது வடிவில் வந்த பிறகு நம் பக்கத்தில் மறுபடி பேச்சு. கடைசி எதிரி ஒருவனை உயிரோடு விட்டுவிட்டு, சொந்த ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் கல்லெறிந்து லெவல் ஏற்றும் காட்சியை நானே இரண்டு வீடுகளில் பார்த்தேன். அந்த ஆட்டத்தில் வழியில் வரும் சண்டைகளில் எதிரியும் உன் லெவலுக்கு ஏற்றாற்போல் வளர்ந்து வருவான். அங்கே உண்மையான காசு ஜேபி. எந்தத் தொழிலில் நின்று செயல்படுகிறாயோ அந்தத் தொழிலில் சேரும் புள்ளி, அதில் வாங்கும் திறமை. லெவல் ஏறி, திறமை ஏறாதவன் எதிரியை மட்டும் பெரியவனாக்கி வைத்திருக்கிறான். எதில் ஏறுகிறோம் என்று கேட்காமல் ஏறுவதால் வருகிற வினை.

நம் பையன் இந்தக் கணக்கை எங்கே கற்றான் என்று விசாரித்தேன். செஸ் வகுப்பில். 2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது ஒலிம்பியாட் நடந்த சமயத்தில் அவனையும் அவன் அம்மா சேர்த்துவிட்டிருக்கிறார். ஃபிடே ரேட்டிங் போகிற போக்கைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். பதினெட்டு வயது வரை, ரேட்டிங் 2300-க்குக் கீழே இருந்தால், ஓர் ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு அசையும் என்பதைத் தீர்மானிக்கும் கே மதிப்பு 40. பிறகு 20. 2400-ஐ ஒருமுறை தொட்டுவிட்டால் 10. சமமான ஆளை வென்றால் சிறுவனுக்கு 20 புள்ளி ஏறும். 2400 தாண்டியவருக்கு 5. அதே வெற்றி, நான்கில் ஒரு பங்கு கூலி. எந்தப் பிள்ளையை எந்த வயதில் எந்தத் தொடருக்கு அனுப்புவது என்று தமிழ்நாட்டுப் பயிற்சியாளர்கள் இரவெல்லாம் போடும் கணக்கு இதுதான். ரேட்டிங் வேட்டை என்று அதைத் தூற்றுகிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு; இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

இனி நடக்கப்போவது. பையன் அடுத்து ஆடப்போகும் மேப்பில் நினோ சேர்வாள். சின்ன மந்திரக்காரி, ஆட்டத்தின் பிற்பகுதியில் லெவல் 5-இல் வந்து நிற்பாள். வளர்ச்சிச் சதவீதமோ கண்ணைப் பறிக்கும். அவளை வளர்க்க வேண்டும் என்று அறை முழுக்கச் சொல்லும். நான் என் காலத்தில் இரண்டு முறை வளர்த்தேன், அவள்மேல் அவ்வளவு பிரியம். ஆனால் பையன் வளர்க்கமாட்டான். அதே மேப்பில் வரும் ஜாஃபரிடம் அவளைப் பேசவைத்து, அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவளைப் பெஞ்சில் உட்கார வைப்பான். அவளுக்குக் கொடுக்க வேண்டிய கில்களின் எண்ணிக்கையும் மிச்சமிருக்கும் மேப்புகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாது. அதை அவன் இப்போதே எண்ணி வைத்திருப்பான். திட்டுகள் விழும். விழட்டும்.

அதற்கடுத்த மேப் மந்திரக்காரர்கள் கூட்டம். அங்கே கவசம் பேசாது, மந்திரத் தடுப்புத்தான் பேசும். அது இயல்பிலேயே யாரிடம் இருக்கிறது? பறக்கும் குதிரைக்காரியிடம். அந்த மேப்பில் முன்னால் நிற்கப்போவது ஃப்ளோரினாதான், மார்க்கஸ் இல்லை. வில்லாளி எங்கே என்று பார்த்துக்கொண்டால் மட்டும் போதும்.

2026-க்கென்று இதே வரிசையில் நிண்டெண்டோ அறிவித்த ஃபார்ச்சூன்ஸ் வீவ் கைக்கு வரும்போது, 2019-இன் த்ரீ ஹவுஸஸ் போலவே தவறிய நகர்வைத் திரும்ப எடுக்கும் வசதி அதிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். பையன் அதைத் தொடமாட்டான் என்பதற்கும் நான் பந்தயம் கட்டத் தயார்.

கடைசி மேப்பின் குழுவில் மார்க்கஸ் இருப்பார். அறையில் ஐந்து பேர் இருக்கமாட்டார் என்கிறார்கள். இருப்பார், ஆனால் அவர் குதிரை தன்னால் அவ்வளவு தூரம் ஓடாது. அந்த ஆட்டத்தின் உடல் எடைக் கணக்குப்படி, பறக்கும் குதிரைக்காரியால் அவரைத் தூக்க முடியும். போகும் வழியில், மலையோ ஆறோ குறுக்கே வரும் ஏதோ ஒரு டர்னில், ஃப்ளோரினா மார்க்கஸைத் தூக்கிக்கொண்டு போய் அக்கரையில் இறக்குவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை எதுவாக இருந்தாலும் நான் அந்த மாடியில் இருப்பேன்.