ஒரு சொல்லும் ஒரு நாடகமும்

ஐரோப்பிய நாடகங்களைத் தமிழராகிய நாம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே அறிகிறோம். இடைவழியில் ஒரு சொல் திரிந்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கு, ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டின் நாடகமொன்று சான்று.

ஹிட்லரின் ஆட்சியால் நாடு துறந்து அலைந்த காலத்தில் அவர் எழுதிய அந்நாடகம், 1943-இல் சூரிச் நகரில் அரங்கேறியது. நல்லவர் ஒருவரைத் தேடித் தேவர் மூவர் செசுவானுக்கு வருகின்றனர். அவர்களுக்குத் தங்க இடம் அளிப்பவள் ஷென் தே என்னும் விலைமகள். தேவர் தந்த பொருளால் அவள் புகையிலைக் கடை வைக்கிறாள். உதவி நாடி வருவோரோ கடையையே விழுங்கப் பார்க்கின்றனர். பிழைக்க வேறு வழியின்றி, ஷுய் தா என்னும் கண்டிப்பான ஆண் உறவினனாக அவள் வேடம் புனைகிறாள்.

மூலத் தலைப்பிலுள்ள 'மென்ஷ்' என்ற சொல் மனிதர் என்னும் பொருளில் இருபாலார்க்கும் பொது. எரிக் பென்ட்லி அதனை 'நல்ல பெண்' என ஆங்கிலத்தில் பெயர்த்தார். மனிதர் நல்லவராய் வாழ இவ்வுலகம் இடந்தருமா என்ற பெருவினா, மென்மையான பெண்ணொருத்தியின் துயரக்கதையாகச் சுருங்கிற்று. பிரெக்டை ஆங்கில வாசகர்க்கு அறிமுகப்படுத்திய முன்னோடிகளுள் பென்ட்லி ஒருவர். அத்தொண்டை நாம் மறுக்கவில்லை. எனினும், பொதுச்சொல்லையே ஆண்ட ஜான் வில்லெட்டின் தலைப்பே பொருத்தம் என்போம்.

தமிழில் 'நல்லவர்' என்ற சொல் ஆணையும் பெண்ணையும் ஒருங்கே சுட்டும். ஆங்கிலத்தைப் பார்த்து நாமும் 'நல்ல பெண்' என்று எழுதினால், கையிலுள்ள சொல்லை நாமே இழந்தவராவோம். பிறமொழி வழங்கும் ஊர்களில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு, இது நாடகத்தோடு நின்றுவிடும் செய்தியன்று.