பிறர் வீட்டுக் கதை

நியூசிலாந்து எழுத்தாளர் காரென் ஹீலி ஆங்கிலத்தில் எழுதி 2010இல் வெளிவந்த 'கார்டியன் ஆஃப் தி டெட்', இளைஞர்க்கான மாயக்கதை நாவல். இத்தகைய நூல்களைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்று பெற்றோர் வினவுவதுண்டு. அதற்கு முந்திய வினா ஒன்று நமக்கு இருக்கிறது. ஒரு சமூகம் மெய்யென்று போற்றி வந்ததை மற்றொரு சமூகத்தார் கதைப்பொருளாக எடுத்தாளும்போது எவ்வளவு அடக்கம் வேண்டும்?

இது நமக்குப் பழகிய நோவுதான். ஆயிரத்தோர் இரவுகளைப் பிரெஞ்சில் பெயர்த்த கல்லான், பழைய அரபுக் கைப்பிரதியில் இல்லாத அலாவுத்தீன் கதையை, அலெப்போவின் ஹன்னா தியாப் வாய்மொழியாகச் சொல்லக் கேட்டுச் சேர்த்தார். இன்று உலகுக்கு ஜின் என்றாலே விளக்கைத் தேய்த்ததும் கைகட்டி நிற்கும் ஏவலாள்!

ஹீலி மாவோரி அல்லர்; 'பாக்கெஹா' எனப்படும் ஐரோப்பிய வழியினர். அவருடைய நாயகி எல்லியும் அவ்வாறே. கிறைஸ்ட்சர்ச் நகர விடுதிப் பள்ளியில் பயிலும் அவள், தன் நண்பன் கெவினை ரேக்கா என்பவள் வசப்படுத்த முயல்வதைக் காண்கிறாள். ரேக்கா மானிடப் பெண் அல்லள், பாட்டுபையாரெஹே இனத்தவள். மாவோரி மரபில் இவ்வினத்தார் மூடுபனி மலைக்காடுகளில் வாழும் வெளிறிய மேனியர், குழலோசையால் மயக்குவோர், நெருப்பையும் சமைத்த உணவையும் செங்காவியையும் வெறுப்போர். மாணவர்கள் ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ஐரோப்பியத் தேவதைகளாக வேடம் புனைகையில், அரங்கின் வெளியே இம்மண்ணுக்கே உரிய காட்டு மாந்தர் காத்து நிற்கிறார்கள். ஆசிரியர் இரண்டையும் குழப்பவில்லை. இதனை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

கதையின் உயிர்நாடி மாவுயியின் மரணம். இரவின் பெருமாட்டியாகிய ஹினே நுயி தே போ துயில்கையில் அவள் உடலூடே புகுந்து சாவையே மாய்க்க முயன்றான் மாவுயி. விசிறிவால் குருவி சிரித்துவிட்டது, அவள் விழித்தாள், அவன் மாண்டான். அவன் முயன்றது மனித குலம் முழுமைக்குமாக. நாவலின் பாட்டுபையாரெஹேக்களோ தமக்கு மட்டும் சாவாமை வேண்டி, வட தீவின் மக்களைப் பலியிடத் துணிகிறார்கள். தொன்மையான கதையைச் சிதைக்காமலே அதிலிருந்து புதிய கேள்வியைக் கறந்திருக்கிறார்.

குறை இல்லாமலில்லை. மார்க் மீது எல்லி கொள்ளும் மையல் பக்கங்களைத் தின்கிறது. அதனினும் பெரிது, மாவோரி மண்ணின் மீட்பு ஒரு பாக்கெஹாப் பெண்ணின் தோளில் ஏற்றப்படுவது. மாவோரி எழுத்தாளர் விட்டி இஹிமேரா 1987இல் எழுதிய 'தி வேல் ரைடர்' நாவலை அருகே வைத்தால் வேறுபாடு விளங்கும். அங்கே ஆண் வாரிசைத் தேடும் கொள்ளுத்தாத்தாவும், அவர் கண்ணில் படாத கொள்ளுப்பேத்தி கஹுவும் வாங்காரா ஊரின் சொந்த மனிதர்கள். மரபோடு அவர்கள் இடும் சண்டை வீட்டுக்குள் நடக்கும் சண்டை.

பெற்றோர்க்கு ஒரு சொல்: ஹீலியின் நூலில் கண்களைப் பறிக்கும் கொலையாளி வருகிறான்; சிறுவர்க்கு ஆகாது. வளர்ந்த பிள்ளைகள் இஹிமேராவை முதலில் படித்துவிட்டு இதனைத் தொடலாம்.