துரு, பாசி, சன்னத் துளை: பழையவற்றைப் படம்பிடித்தல் பற்றி

மட்டக்களப்பு வாவிக்கரையில் கமரா வைத்திருக்கும் எவரும் ஒருமுறையாவது எடுத்திருக்கக்கூடிய படங்கள் சில உண்டு. கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்கள் அந்தி வானத்தில் கறுப்பாக நிற்பது. கரையில் கவிழ்த்துப் போட்ட, பலகை பிரிந்த தோணி. கோட்டையின் பாசி படிந்த மதில். பூட்டிக் கிடக்கும் வீடொன்றின் கதவும் துருப்பிடித்த நாதாங்கியும். கைத்தொலைபேசி வந்த பிறகு இவை பெருகிவிட்டன. பாடசாலைக் கண்காட்சிகளிலும் நூல் அட்டைகளிலும், குறிப்பாக நம்மவர்களின் கவிதைத் தொகுதிகளின் அட்டைகளிலும், இவற்றையே காண்கிறோம். இப்படங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை, நானும் எடுத்தவன்தான். ஆனால் கவிதைக்கும் சிறுகதைக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதும் நாம், இவற்றைக் கண்டால் 'அருமை' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

பழைய பொருள் படத்தில் ஏன் அழகாகிவிடுகிறது? காரணம் எளிது. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது சுவரின் ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு நிழல் கிடைக்கிறது. புதிதாகப் பூசிய சுவரில் அந்த நிழல் விழாது. கிட்டப்போய் எடுத்தால் சுற்றியுள்ளவை மறைந்து கீறல் மட்டும் மிஞ்சும். பிறகு நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கினால் துருவும் பாசியும் கரியும் ஒரே சாம்பலாகிவிடும். சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. சுண்ணாம்பை உதிர்த்தது உப்புக் காற்றா, 2004 டிசெம்பர் 26 அன்று வந்த கடலா, ஓர் இரவின் துப்பாக்கியா என்பதை அந்தச் சாம்பல் சொல்லாது.

இந்நாட்டில் பழையவற்றைப் படம்பிடிக்கும் வழக்கம் புதியதல்ல. 19ஆம் நூற்றாண்டு இலங்கைப் புகைப்படங்கள் பற்றி இஸ்மத் ரஹீமும் பேர்சி கொலின் தோமேயும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் ஆங்கிலத்தில் இருப்பதாலோ என்னவோ நம்மிடையே போதிய அளவு பேசப்படவில்லை. ஜோசப் லோட்டன் 1870, 71ஆம் ஆண்டுகளில் அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் எடுத்த இடிபாடுகளின் படங்கள் அரசுக்காக எடுக்கப்பட்டவை. எது, எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வது அவற்றின் வேலை. அழகு பின்னால் வந்தது. லயனல் வென்ட் (1900–1944) வேறு வகை. ஒளியைக் கையாள்வதில் அவருக்கு நிகரானவர் இங்கு பின்னர் வந்தாரா என்பதே சந்தேகம். ஆனால் அவரது படங்களில் பல, இடமும் ஆண்டும் தெரியாமலேயே நிறைவு தருபவை. நம் இளைஞர்கள் அறிந்தோ அறியாமலோ வென்டின் பக்கமே சாய்ந்திருக்கிறார்கள். எனக்கு வேண்டியவர் பாரிஸ் நகரத்து அட்ஜே. 1927இல் இறக்கும் வரை, பாரமான கண்ணாடித் தகட்டுக் கமராவைச் சுமந்துகொண்டு, இடிக்கப்படவிருந்த தெருக்களையும் படிக்கட்டுகளையும் கடைவாசல்களையும் எடுத்துத் திரிந்தார். தன் படங்களைக் கலை என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை; ஓவியர்களுக்கான ஆவணங்கள் என்றே விற்றார். தெருவின் பெயர் தெரிந்ததால் அந்தப் படங்களின் அழகு குறைந்துவிடவில்லை.

கல்லடிப் பாலத்துக்கு வருவோம். 1924இல் திறக்கப்பட்டு, அன்றைய தேசாதிபதியின் மனைவி பெயரால் லேடி மன்னிங் பாலம் எனப்பட்டது. 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வரும்வரை ஒரு பக்க வாகனம் வரும்போது மறுபக்கம் காத்து நிற்கவேண்டிய ஒடுக்கமான பாலம். அந்தக் காத்திருப்பு எந்தப் படத்தில் இருக்கிறது? சோதனைச் சாவடிகளின் காலத்தில் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி அதைக் கடந்தவர்களுக்கு அந்தி வானம் ஞாபகம் வராது. பாடுமீனுக்காகத் துடுப்பை நீரில் வைத்துக் காது கொடுப்பதைப் பற்றி எழுதி எழுதித் தேய்த்த அதே கை, இப்போது கமராவில் பாலத்தைத் தேய்க்கிறது.

இனி என்னுடைய பிழை. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். சுவர்களில் சன்னங்கள் துளைத்த அடையாளங்கள் இன்றும் பேணப்படுகின்றன. சில வருடங்களுக்கு முன் அந்தச் சுவரில் ஒரு முழ அகலத்தை மட்டும் மிகக் கிட்டப்போய் எடுத்தேன். பக்கவாட்டு வெளிச்சம், கறுப்பு வெள்ளை, எல்லாம் முறைப்படி. படம் நன்றாக வந்திருப்பதாகவே நினைத்தேன். அன்றிரவு தன் தம்பியைப் பறிகொடுத்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதென்ன சேர், கறையான் அரிச்ச பலகையா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் படத்தை உறையில் வைத்துவிட்டேன்.

அடுத்த முறை போனபோது பின்னால் தள்ளி நின்று எடுத்தேன். மின்விசிறி வந்தது, பாய் வந்தது, நேர அட்டவணை தொங்கும் தூண் வந்தது. துளைகள் சிறிதாகிவிட்டன; கண்காட்சிக்கு உதவாத படம். பெரியவர் பார்த்ததும் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

இதை எழுதும்போது ஆற்றின் மறுகரையையும் நினைக்கவேண்டும். அடுத்த மாதமே, 1990 செப்டெம்பர் 9ஆம் திகதி, சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். கூரையில்லாமல் கொடி படர்ந்து நிற்கும் வீட்டை எவர் எடுத்தாலும், அது எவருடைய வீடு, அவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு வரி படத்தின் பின்னால் எழுதும் கடமை இரு சாராருக்கும் உண்டு. அந்த வரி இல்லாவிட்டால் இரு தரப்பு இழப்பும் ஒரே 'பாழடைந்த அழகு' ஆகிவிடும்.

நம் சமூகத்துக்குள்ளேயும் ஒரு கேள்வி இருக்கிறது. உயிருள்ளவற்றைப் படமெடுப்பது கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அது ஆலிம்களின் பொறுப்பு. ஆனால் பேணுதலுக்காகச் சுவரையும் தோணியையும் மட்டும் எடுப்பவர்களின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், மனிதரே வாழாத ஒரு கிராமம் தெரிகிறது. படகு இருக்கிறது, மீனவர் இல்லை. திண்ணை இருக்கிறது, அதில் கால்நீட்டி இருந்து வெற்றிலை இடித்த மூத்தம்மா இல்லை. இன்னொன்று, நாம் படம் எடுத்த பழையவை பெரும்பாலும் எவருக்கும் தேவைப்படாதவை. தேவைப்பட்ட பழையவற்றை இடித்துவிட்டோம். ஓடு வேய்ந்த பள்ளிவாசல்களைத் தட்டுக்கட்டடமாக்கிப் பளிங்கு பதித்தபோது, அவை போதுமான அளவு பழையவையாக எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை போலும். இடிக்கு முன் ஒரு படம் எடுத்துவைப்போம் என்று நிருவாகத்தில் எவரும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

எங்கள் ஊர்ப் பழைய பள்ளியில் ஒரு ஹவுழ் இருந்தது. வுழூச் செய்ய இறங்கும் கற்படி, கால் பட்டுப் பட்டு நடுவில் குழிந்திருக்கும். இப்போது அங்கே வரிசையாகக் குழாய்கள். அந்தப் படியின் படம் கிடைக்குமா என்று ஊரில் பலரைக் கேட்டேன். கடைசியில் ஒரு வீட்டு அல்பத்தில் இருந்தது. தலைப்பாகை கட்டி மாலை போட்ட மாப்பிள்ளை, பக்கத்தில் இரண்டு மச்சான்மார். மாப்பிள்ளையின் முழங்காலுக்குப் பின்னால், மூலையில், படியின் மேல் இரண்டு கல்லும் கொஞ்சம் தண்ணீரும் தெரிகின்றன.