இரண்டு மில்லியம்பியரும் அரைமணி நேரமும்: வீட்டு மூளை மின்தூண்டல் ஆய்வுகள் மீது ஒரு விமர்சன நோக்கு

முதுமையில் நினைவு தளர்ந்து, ஆளும் இடமும் பொழுதும் மயங்கும் நிலையை யாழ்ப்பாணப் பேச்சுவழக்கு 'அறளை பெயர்தல்' என்று குறிக்கும். அச்சொல்லில் நோய் என்னும் கருத்துக்கு இடமில்லை. வயது வந்தால் வருவது என்ற ஏற்பு மட்டுமே உண்டு. 1906ஆம் ஆண்டு ஜேர்மனியின் ரியூபிங்கன் நகரில் அலோயிஸ் அல்சைமர் விவரித்த நோயாளியோ மூதாட்டி அல்லர். 1901இல் பிராங்போட் மருத்துவமனைக்கு வந்தபோது அவருக்கு வயது 51. மூப்பினின்றும் வேறானதொரு மூளைநோய் உண்டு என்ற உணர்வு அதன்பின் மெல்ல மெல்ல வலுப்பெற்றது. நோய் என்று ஆனபின் அதற்கு மாற்றுத் தேடுதல் இயல்பே. மருந்துகள் தரும் பயன் சிறிதாயிருத்தலின், தலைத்தோலின் மீதிருந்து மெல்லிய நேரோட்ட மின்னைச் செலுத்தும் முறை கடந்த இரு தசாப்தங்களாக ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்து வந்துள்ளது. பின்னர் அது மருத்துவமனையை விட்டு நோயாளரின் வீட்டுக்கும் சென்றது. அவ்வாறு வீட்டுக்குச் சென்ற சிகிச்சையைப் பற்றிய கட்டுரைகள் எதை அளக்கின்றன, எதை அளவாது விடுகின்றன என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

தலையின்மேல் மின்னைப் பிரயோகித்தல் புதிய எண்ணமன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோம வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் தீராத் தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கையைத் தலையில் வைக்குமாறு எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்வானியின் மருகரான ஜியோவன்னி அல்டினி, மனச்சோர்வுற்றோரின் தலையில் வோல்ற்றாவின் மின்னடுக்கைக் கொண்டு மின் பாய்ச்சினார். இவை வரலாற்றுச் சுவைக்குரியன, அவ்வளவே. 1938இல் உரோமில் செர்லெற்றியும் பினியும் தொடக்கிய மின்னதிர்ச்சிச் சிகிச்சையோடு இன்றைய முறையை மயக்காதிருத்தல் மட்டும் அவசியம். அதில் ஏறத்தாழ 800 மில்லியம்பியர் மின்னோட்டம் வலிப்பை உண்டாக்கும். இதிலோ 1 அல்லது 2 மில்லியம்பியரே செல்லும். உப்புநீரில் நனைத்த பஞ்சினால் மூடிய இரு மின்வாய்கள், அவற்றைப் பிடித்து நிறுத்த ஒரு தலைப்பட்டி, மின்கலத்தால் இயங்கும் சிறு பெட்டி: கருவி இவ்வளவே. நோயாளர் விழித்த நிலையில் இருபது அல்லது முப்பது நிமிடம் அமர்ந்திருப்பார். தோலிற் சிறு கடுகடுப்பும் கூச்சமும் உண்டாகலாம். பஞ்சு உலர்ந்துவிடின் தோல் சுடுவதும் உண்டு.

இம்முறைக்கு நவீன அடித்தளமிட்டது 2000ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கெற்றிங்கன் நகரிலிருந்து நிற்சே, பௌலஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வாகும். நேர்மின்வாயின் கீழுள்ள மூளைப்பகுதி எளிதிற் கிளரும் தன்மை பெறுவதையும், எதிர்மின்வாயின் கீழ் அத்தன்மை குறைவதையும், மின்னை நிறுத்தியபின்னும் அம்மாற்றம் சிறிது நேரம் நீடிப்பதையும் அவர்கள் காட்டினர். மின் நரம்புக்கலத்தை இயக்குவதில்லை. இயங்கத் தயாராயிருக்கும் கலத்தைச் சற்று முன்தள்ளுகிறது அல்லது பின்னிழுக்கிறது. ஆயின் மூளையை அடையும் மின் எவ்வளவு? சடலங்களைக் கொண்டு செய்யப்பட்டு 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஏறத்தாழ முக்காற் பங்கு தலைத்தோலிலும் மண்டையோட்டிலுமே கழிந்துவிடுகிறது எனக் கண்டது. இதனால் முறையே பயனற்றது என்றாகாது. பயன் நுண்ணியதாகவே இருக்கும் என்பதும், நுண்ணியதை அறிய நுண்ணிய ஒப்பீடு வேண்டும் என்பதும் பெறப்படும்.

மறதிநோயில் இதனைப் பரீட்சித்த முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று 2008இல் இத்தாலியிலிருந்து வந்தது. அல்சைமர் நோயுற்ற பத்துப்பேரில் நேர்மின்வாய் சொற்களை அடையாளங்காணும் திறனைக் கூட்டியது, எதிர்மின்வாய் குறைத்தது. திசை மாறியபோது விளைவும் மாறியமை கருதத்தக்கது. வெறும் நம்பிக்கையின் விளைவு என்று அதனைத் தள்ளிவிட முடியாது. எனினும் அன்றைய விளைவு அன்றையதே.

நோர்வேயின் துரொம்சோ நகர ஆய்வாளர் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளை அருகருகே வைத்து வாசித்தல் பயன்தரும். 2016இல் வெளியான முதற் கட்டுரையில் 25 நோயாளர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு மெய்யான மின். மற்றதற்குப் போலிச் சிகிச்சை. பத்து நாளில் ஆறு அமர்வுகள் நடந்தன. சொல்நினைவில் இரு குழுக்களுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. அடுத்த ஆண்டில் அதே குழுவினர் வெளியிட்டது ஒரேயொரு மனிதரின் வரலாறு: இளவயதிலேயே நோய் தொடங்கிய அறுபது வயதினர் ஒருவர், வீட்டில், நாள்தோறும் முப்பது நிமிடம், எட்டு மாதம் மின்தூண்டல் பெற்றார். அவருடைய பொதுவான அறிதிறன் சரியாது நின்றது. நினைவு சில அளவைகளில் உயர்ந்தது. ஆறு அமர்வு போதாது, பல மாதம் வேண்டும் என்று இதற்கு விளக்கம் கூறலாம். அது நியாயமான கருதுகோளும் ஆகும். ஆனால் முதலாவதில் ஒப்பீடு உண்டு, காலம் இல்லை; இரண்டாவதிற் காலம் உண்டு, ஒப்பீடு இல்லை. எட்டு மாதத்தில் அம்மனிதர் பெற்றது மின் மாத்திரமா? நாள்தோறும் ஒரே வேலையில் உட்காருதல், தலையில் இன்னொருவர் கைபடுதல், எதிர்பார்ப்பு, ஒழுங்கு யாவும் சேர்ந்தே கிடைத்தன. அவற்றினின்றும் மின்னைப் பிரித்தெடுக்க அக்கட்டுரையில் வழியில்லை.

2019இல் வெளிவந்த கொரிய ஆய்வு இக்குறையை ஓரளவு நீக்கியது. தொடக்கநிலை அல்சைமர் நோயினர் 18 பேர். பதினொருவருக்கு மெய்யான மின், எழுவருக்குப் போலி. பராமரிப்போர் பயிற்சி பெற்று, ஆறுமாதம் நாள்தோறும் வீட்டிலேயே இதனைச் செய்தனர். மெய்யான மின் பெற்றோர் பொது அறிதிறனிலும், படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வதிலும் மேலான நிலையைக் காட்டினர்; சற்றுப்பின் நினைவுகூரும் திறனில் வேறுபாடு காணப்படவில்லை. மறதிநோய்க்கான சிகிச்சை மறதியை அதன் நடுப்பகுதியில் தொடவில்லை என்பது இம்முடிவுகளுள் முக்கியமானது. ஆயினும் மேற்கோள் காட்டுவோர் முன்பாதியோடு நின்றுவிடுவது எளிது. பதினெட்டுப் பேர் என்பதும் சிறிய தொகை. மனச்சோர்வுக்கு இதே முறையை வீட்டிற் பரீட்சித்து 2024இல் வெளிவந்த இரு பெரிய ஆய்வுகள் முரண்பட்டன: 174 பேரைக் கொண்ட ஒன்று பயன் உண்டு என்றது, பிரேசிலில் 210 பேரைக் கொண்டு நடந்த மற்றது போலிச் சிகிச்சையை விஞ்சவில்லை என்றது. நூற்றுக்கணக்கானோரிடத்தே தடுமாறும் முடிவைப் பதினெட்டுப் பேரிடத்தே உறுதியெனக் கொள்ள முடியாது.

இனி, வீடு என்னும் சொல்லை நோக்க வேண்டும். இக்கட்டுரைகளில் வீடு என்பது மருத்துவமனைக்குப் போய்வரும் சிரமமும் செலவும் இல்லாத இடம் என்ற பொருளிலேயே வழங்குகிறது. உண்மையில் அது ஒருவர் வேலை செய்யும் இடம். நாளொன்றுக்கு அரைமணி நேரம் என்றால் ஆறுமாதத்தில் ஏறத்தாழத் தொண்ணூறு மணித்தியாலம். பஞ்சு நனைத்தல், மயிரை விலக்குதல், பட்டியைப் பொருத்துதல், எழுந்து போக முயல்பவரை இருத்துதல் என்பன இதற்குப் புறம்பு. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2019இல் மறதிநோயினரைப் பராமரித்த குடும்பத்தினரும் நண்பரும் நாளொன்றுக்குச் சராசரி ஐந்து மணித்தியாலம் இதற்குச் செலவிட்டனர்; பராமரிப்பு நேரத்தில் நூற்றுக்கு எழுபது பெண்களுடையது. ஏற்கெனவே ஐந்து மணித்தியாலம் கொடுப்பவரிடமிருந்து இன்னும் அரைமணி நேரத்தைக் கேட்கும் சிகிச்சை, தன் முடிவை நோயாளரின் பரீட்சைப் புள்ளிகளாலேயே கூறுகிறது. முப்பது புள்ளிகள் கொண்ட, 1975இல் அமைந்த சிறு உளநிலைப் பரீட்சை இன்றைய திகதியைக் கேட்கும். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும். பஞ்சு நனைத்தவருக்குத் தெரியவேண்டியவை வேறு: இரவில் உறங்குவாரா, அடுப்பை அணைப்பாரா, தன்னை யாரென்று கேட்பாரா?

வேலைச்சுமை பற்றிய இக்கேள்வி விஞ்ஞானத்துக்குப் புறம்பானதன்று. கருவியைத் தாமே வாங்கிப் பயன்படுத்துவோர் பெருகிய வேளையில், 2016இல் 39 ஆய்வாளர் ஒரு திறந்த மடலில் ஒப்பமிட்டு எச்சரித்தனர். மின் பாயும்போது மூளை என்ன செய்துகொண்டிருக்கிறதோ அதைப் பொறுத்து விளைவு மாறும் என்பது அவர்கள் கூறியவற்றுள் ஒன்று. அங்ஙனமாயின் அந்த அரைமணி நேரம் வெற்றிடமன்று. ஒரு வீட்டில் மகள் பழைய படங்களைக் காட்டிப் பேசுவாள். இன்னொன்றிற் தொலைக்காட்சி ஓடும். வேறொன்றில் இருவரும் களைத்து மௌனமாயிருப்பர். மில்லியம்பியர் துல்லியமாய் வரையறுக்கப்பட்ட ஆய்வில் இது வரையறுக்கப்படாது விடப்படின், மருந்தின் பாதி எழுதப்படவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

சம்மதமும் அவ்வாறே. ஆய்வின் தொடக்கத்தில் ஒப்பம் ஒருமுறை பெறப்படும். ஆனால் ஈரப்பஞ்சு ஏன் தலையில் வைக்கப்படுகிறது என்பதை நேற்றுக் கேட்டவர் இன்றும் கேட்பார். நாள்தோறும் புதிதாய் விளக்கி, நாள்தோறும் புதிதாய்ச் சம்மதம் பெறுபவர் பராமரிப்பவரே. மறுத்தால் நிறுத்துவதா, வற்புறுத்துவதா என்று முடிவுசெய்பவரும் அவரே.

போலிச் சிகிச்சையிற் கருவி தொடக்கத்திற் சில விநாடி மின்னைச் செலுத்தித் தோலைக் கூசச்செய்துவிட்டு ஓய்ந்துவிடும். பொருத்துபவருக்கு அது தெரியாது. கொரிய ஆய்வில் போலிச் சிகிச்சை பெற்ற எழுவரின் வீடுகளிலும் ஆறுமாதம் பஞ்சு நனைக்கப்பட்டது, பட்டி பொருத்தப்பட்டது, அரைமணி நேரம் காவல் இருக்கப்பட்டது. அட்டவணையில் அவ்வீடுகள் மின் இல்லாத பக்கத்தில் நிற்கின்றன. அந்த அரைமணி நேரமும் இல்லாத மூன்றாவது குழுவொன்று அந்த அட்டவணையில் இல்லை.